பிரதேச இராணுவம் (இந்தியா)

பிரதேச இராணுவம் என்பது இந்தியத் தரைப்படையின் ஒரு பகுதியாக இயங்கும் பகுதிநேரத் தன்னார்வப் படை ஆகும். வேறு தொழில் அல்லது பணியில் இருக்கும் குடிமக்கள் ஆண்டில் சில வாரங்கள் இராணுவப் பயிற்சி பெற்று, நாட்டுக்குத் தேவை ஏற்படும்போது சீருடை அணிந்து பணியாற்றி, தேவை முடிந்ததும் தம் தொழிலுக்குத் திரும்புவது இப்படையின் அடிப்படைக் கருத்து. 1948 ஆம் ஆண்டின் பிரதேச இராணுவச் சட்டத்தின் கீழ் இது நிறுவப்பட்டது. விடுதலை பெற்ற இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்த சி. இராசகோபாலாச்சாரி 1949 அக்டோபர் 9 அன்று இதனை முறைப்படி தொடங்கி வைத்தார். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாள் பிரதேச இராணுவ நாளாகக் கொண்டாடப்படுகிறது. விழிப்பும் வீரமும் என்று பொருள்படும் இந்தித் தொடர் இப்படையின் குறிக்கோளுரை ஆகும்.

பெயரும் வேறுபாடும்

பிராந்திய இராணுவம், டெரிடோரியல் ஆர்மி என்னும் பெயர்களாலும் இப்படை குறிப்பிடப்படுகிறது. தமிழ் நாளிதழ்களில் சில வேளைகளில் இதனைத் துணை இராணுவம் என்று எழுதுவதுண்டு. இது குழப்பத்தை உண்டாக்கக் கூடியது. மத்திய சேமக் காவற்படை, எல்லைப் பாதுகாப்புப் படை ஆகியவையே பொதுவாகத் துணை இராணுவப் படைகள் எனப்படுகின்றன. அவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் முழுநேரப் படைகள். பிரதேச இராணுவமோ பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் தரைப்படையின் உறுப்பாக இருப்பது.

தேசிய மாணவர் படையிலிருந்தும் இது வேறுபட்டது. மாணவர் படையில் சேரும் மாணவருக்குப் போர்ப்பணி ஆற்றும் கடப்பாடு இல்லை. பிரதேச இராணுவத்தில் சேர்பவர் அழைக்கப்பட்டால் வந்தே ஆக வேண்டும். படையிலிருந்து ஓய்வுபெற்ற வீரர்களைப் பட்டியலில் வைத்திருந்து போர்க்காலத்தில் திரும்ப அழைக்கும் சேமப்படை முறையும் இதுவன்று. பிரதேச இராணுவத்தினரில் பெரும்பாலோர் முன்பு முழுநேர வீரர்களாக இருந்தவர்கள் அல்லர்.

வரலாற்றுப் பின்னணி

பிரித்தானிய ஆட்சிக்காலம்

1857 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியர்கள் தன்னார்வப் படைகளை அமைத்துக்கொண்டனர். பின்னர் அப்படைகள் நிலைபெற்றன. தோட்ட முதலாளிகள், இரயில்வே ஊழியர்கள், வணிகர்கள் ஆகியோர் அவற்றில் இருந்தனர். ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் திறந்திருந்த இப்படைகளின் கதவு இந்தியருக்குப் பெரும்பாலும் மூடியே இருந்தது. 1885 இல் உருசியப் படைகள் ஆப்கானித்தான் எல்லையை நெருங்கியதால் போர் அச்சம் எழுந்தபோது, படித்த இந்தியர் பலர் தன்னார்வலராகச் சேர முன்வந்தனர். அரசு அதனை ஏற்கவில்லை. இந்திய தேசிய காங்கிரசு தன் தொடக்ககால மாநாடுகளிலேயே இந்தியரைத் தன்னார்வப் படையில் சேர்க்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. தன் நாட்டைக் காக்கும் உரிமை குடிமகனுக்கு உண்டா என்பது அன்று ஓர் அரசியல் கேள்வியாகவே இருந்தது.

முதல் உலகப் போர் இந்நிலையை ஓரளவு மாற்றியது. 1917 இல் இந்தியப் பாதுகாப்புப் படை அமைக்கப்பட்டது. அதில் ஐரோப்பியருக்குச் சேவை கட்டாயம். இந்தியர் விரும்பினால் சேரலாம். பல்கலைக்கழக மாணவர் அணிகளும் அதில் உருவாயின. 1920 இல் இவ்வமைப்பு இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் துணைப்படை. இந்தியருக்கு இந்தியப் பிரதேசப் படை. துணைப்படையில் பீரங்கி, குதிரைப்படை, கவச ஊர்தி ஆகிய பிரிவுகள் இருந்தன. பிரதேசப் படையோ ஏறத்தாழ முற்றிலும் காலாட்படையாகவே வைக்கப்பட்டது. இந்தப் பாகுபாடு சட்டமன்றத்தில் கண்டனத்துக்கு உள்ளாகவே, 1924 இல் இதனை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. எனினும் இரு படைகளும் தனித்தனியாகவே தொடர்ந்தன.

பிரதேசப் படை என்னும் பெயரும் முறையும் பிரித்தானியாவிலிருந்து வந்தவை. அங்கு அமைச்சர் ஆல்டேன் கொண்டுவந்த சீர்திருத்தத்தின்படி 1908 இல் பிரதேசப் படை அமைந்தது. பிரித்தானியாவில் அப்படை 2014 இல் தரைப்படைச் சேமம் என்னும் பொருள்படப் பெயர் மாற்றம் பெற்றது. இந்தியாவில் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

விடுதலைக்குப் பின்

விடுதலையுடன் ஐரோப்பியர் துணைப்படை மறைந்தது. எச். என். குன்சுரு தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி மாணவர் அணிகள் 1948 இல் தேசிய மாணவர் படையாயின. அதே ஆண்டில் பிரதேச இராணுவச் சட்டம் இயற்றப்பட்டது. இனப் பாகுபாடு நீங்கியதுடன் பிரிவு வேறுபாடும் நீங்கியது. புதிய படையில் காலாட்படை மட்டுமன்றிக் கவசப்படை, வான்காப்புப் பீரங்கி, கடலோரப் பீரங்கி, பொறியியல், தகவல்தொடர்பு, மருத்துவம், பழுதுபார்ப்பு ஆகிய பிரிவுகளும் அமைக்கப்பட்டன. 1970களின் தொடக்கத்துக்குள் இவற்றில் பெரும்பாலானவை கலைக்கப்பட்டன அல்லது முழுநேரப் படையில் சேர்க்கப்பட்டன. காலாட்படையும் துறைசார் பிரிவுகளும் மட்டுமே எஞ்சின.

சட்டத்தின் முக்கிய விதிகள்

பிரதேச இராணுவத்தின் இயல்பை அறிய அதன் சட்டத்தை அறிவது தேவை. படையில் சேர்ந்தவர் மூன்று சூழல்களில் இராணுவப் பணிக்கு உட்படுகிறார்.

முதலாவது, குடியியல் நிருவாகத்துக்கு உதவவோ இன்றியமையாத இடங்களைக் காவல் காக்கவோ அழைக்கப்படும்போது.

இரண்டாவது, பயிற்சிக்காகவோ முழுநேரப் படைக்கு வலுச்சேர்க்கவோ அவரது அணி சேவைக்குத் திரட்டப்படும்போது.

மூன்றாவது, முழுநேரப் படையுடன் அவர் இணைக்கப்படும்போது.

இவ்வாறு திரட்டப்பட்ட நாள்களில் முழுநேர வீரருக்குரிய ஊதியம், ஒழுங்கு விதிகள், இராணுவச் சட்டம் ஆகிய யாவும் அவருக்கும் பொருந்தும். விடுவிக்கப்பட்டதும் அவர் மீண்டும் குடிமகன்; படையிலிருந்து ஊதியம் இல்லை. மத்திய அரசின் பொது ஆணையோ சிறப்பு ஆணையோ இன்றி இந்திய எல்லைக்கு வெளியே பணியாற்ற அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

இச்சட்டம் வேலை கொடுப்பவர் மீதும் ஒரு கடமையைச் சுமத்துகிறது. இராணுவப் பணிக்கு அழைக்கப்பட்டுச் சென்ற ஊழியர் திரும்பி வரும்போது, அவர் போகாதிருந்தால் எந்த நிலையில் இருந்திருப்பாரோ அதற்குக் குறையாத நிலையில் அவரை மீண்டும் பணியில் அமர்த்த வேண்டும். படைக்குச் செல்பவரின் வேலை காக்கப்படாவிட்டால் பகுதிநேரப் படை என்னும் கருத்தே நிலைக்காது என்பதால், இது சட்டத்தின் உயிர்நாடியான விதிகளுள் ஒன்று.

1956 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அரசுப் பணியிலும் பொதுப்பயன் சேவைகளிலும் உள்ள 20 முதல் 40 வயதுக்குட்பட்டவர்களைத் தேவைப்பட்டால் இப்படையில் பணியாற்றுமாறு கோர அரசுக்கு அதிகாரம் வழங்கப்பட்டது. தன்னார்வப் படைக்குள் கட்டாயத்துக்கு இடம் தரும் விதி இது.

அமைப்பு

புது தில்லியில் உள்ள தலைமை இயக்ககம் இப்படையை நிருவகிக்கிறது. லெப்டினன்ட் ஜெனரல் நிலையிலுள்ள தலைமை இயக்குநர் இதன் தலைவர். இப்படையின் அணிகளை இரு வகையாகப் பிரிக்கலாம்.

1. துறைசாரா அணிகள்: காலாட்படை பட்டாலியன்கள், சூழலியல் பட்டாலியன்கள், ஜம்மு காசுமீரில் உள்ள உள்ளூர்ப் பட்டாலியன்கள் முதலியன.
2. துறைசார் அணிகள்: இரயில்வே, எண்ணெய் நிறுவனங்கள் முதலியவற்றின் ஊழியர்களைக் கொண்டு அமைக்கப்பட்டவை.

2025 ஆம் ஆண்டின் அரசு ஆணைப்படி காலாட்படை பட்டாலியன்களின் எண்ணிக்கை 32 ஆகும். ஒவ்வொன்றும் முழுநேரப் படையின் ஒரு ரெஜிமென்டுடன் இணைக்கப்பட்டு அதன் மரபையும் சின்னத்தையும் பின்பற்றுகிறது. எடுத்துக்காட்டாக, டார்சிலிங் பகுதியின் 107 ஆவது பட்டாலியன் 11 ஆவது கூர்க்கா ரைபிள்சையும், பெங்களூருவின் 106 ஆவது பட்டாலியன் பாராசூட் ரெஜிமென்டையும் சார்ந்தவை. தமிழ்நாட்டில் கோயம்புத்தூரில் மதராசு ரெஜிமென்டைச் சார்ந்த 110 ஆவது பட்டாலியனும், திருச்சிராப்பள்ளியில் கார்ட்சு படைப்பிரிவைச் சார்ந்த 117 ஆவது பட்டாலியனும் உள்ளன. கேரளத்தின் 122 ஆவது பட்டாலியனும் மதராசு ரெஜிமென்டைச் சார்ந்ததே.

ஆட்சேர்ப்பும் பயிற்சியும்

அதிகாரியாகச் சேர விரும்புபவர் 18 முதல் 42 வயதுக்குள் இருக்க வேண்டும். பட்டம் பெற்றவராகவும் வேறு வருவாய் உள்ளவராகவும் இருக்க வேண்டும். வேறு வருவாய் வேண்டும் என்னும் விதி இப்படைக்கே உரியது. பிரதேச இராணுவம் ஒரு வேலைவாய்ப்பு அன்று என்பதை இது உணர்த்துகிறது. எழுத்துத் தேர்வு, நேர்காணல், படைத்தேர்வு வாரியத்தின் சோதனைகள், மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றைக் கடந்தவர் லெப்டினன்டாக நியமிக்கப்படுவார். வீரர்கள் ஆட்சேர்ப்பு முகாம்கள் வழியாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர்.

பயிற்சி முறை இருவகைப்பட்டது. நகர்ப்புற அணிகளில் ஆண்டுக்கு 30 நாள் பயிற்சி. வார இறுதிகளிலும் விடுமுறைகளிலும் அளிக்கப்படும் பயிற்சி இதில் சேரும். ஊர்ப்புற அணிகளில் ஆண்டுக்கு ஒருமுறை தொடர்ச்சியாக இரண்டு மாத முகாம் நடைபெறும். நகர ஊழியர் வாரத்தில் ஒருநாள் ஒதுக்க முடியும். உழவர் வேளாண் பணி குறைந்த காலத்தில் மொத்தமாக வர முடியும் என்பதே இப்பிரிவினையின் காரணம்.

பணிகள்

பிரதேச இராணுவத்துக்கு மூன்று பணிகள் வகுக்கப்பட்டுள்ளன. பாலம், கிடங்கு, தொடர்வண்டிப் பாதை போன்றவற்றைக் காக்கும் நிலையான காவற்பணியிலிருந்து முழுநேரப் படையை விடுவிப்பது முதற்பணி. இயற்கைப் பேரிடரிலும், இன்றியமையாச் சேவைகள் நின்றுபோகும் வேளையிலும் குடியியல் நிருவாகத்துக்கு உதவுவது இரண்டாம் பணி. தேவைப்படும்போது முழுநேரப் படைக்கு அணிகளை வழங்குவது மூன்றாம் பணி.

போர்களும் உள்நாட்டு நடவடிக்கைகளும்

1962 சீனப் போர், 1965, 1971 பாக்கித்தான் போர்கள் ஆகியவற்றில் பிரதேச இராணுவ அணிகள் திரட்டப்பட்டன. 1980களின் இறுதியில் இலங்கைக்குச் சென்ற இந்திய அமைதி காக்கும் படையின் நடவடிக்கையிலும் இப்படையின் அணிகள் பங்கேற்றன. பஞ்சாபு, ஜம்மு காசுமீர், வடகிழக்கு மாநிலங்கள் ஆகியவற்றில் நடைபெற்ற கிளர்ச்சி எதிர்ப்புப் பணிகளிலும் அவை ஈடுபடுத்தப்பட்டன.

காவற்பணி என்பது ஆபத்தற்ற பணி என்று பொருளாகாது. மணிப்பூரில் சிரிபாம் - இம்பால் இரயில்பாதைக் கட்டுமானத்தைக் காக்க நோனே மாவட்டத்தின் துபுல் என்னும் இடத்தில் 107 ஆவது பட்டாலியன் முகாமிட்டிருந்தது. 2022 சூன் 29 நள்ளிரவை அடுத்து ஏற்பட்ட பெரும் நிலச்சரிவில் அம்முகாம் புதையுண்டது. 50 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்; அவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் பிரதேச இராணுவத்தினர். பட்டாலியன்கள் வட்டார அடிப்படையில் அமைவதால் இத்தகைய இழப்பின் சுமை ஒரே வட்டாரத்து ஊர்களின் மீது விழுகிறது.

2024 சூலை 30 அன்று வயநாட்டில் நிலச்சரிவு ஏற்பட்டபோது முதலில் மீட்புப் பணிக்கு அனுப்பப்பட்ட படையினருள் 122 ஆவது பட்டாலியனும் இருந்தது. அருகிலிருந்து விரைவில் வரக்கூடியதும் அப்பகுதியின் மொழியையும் நிலத்தையும் அறிந்ததுமான படை என்பது பேரிடர்க் காலத்தில் இவ்வகை அணிகளின் சிறப்பு.

துறைசார் அணிகள்

போரிலோ கலவரத்திலோ தொடர்வண்டிகள் ஓடாவிட்டால் படைகளும் பொருள்களும் நகர முடியாது. எண்ணெய் வழங்கல் நின்றாலும் அவ்வாறே. இவற்றை இயக்கத் தெரிந்தவர்கள் அத்துறை ஊழியர்களே. எனவே அவர்களில் விரும்பியவர்களுக்கு இராணுவப் பயிற்சி அளித்துத் தனி அணிகள் அமைக்கப்பட்டன. இரயில்வே பொறியியல் ரெஜிமென்டுகளும், இந்தியன் ஆயில் நிறுவனம், எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம் ஆகியவற்றின் ஊழியர்களைக் கொண்ட பொறியியல் ரெஜிமென்டுகளும் இவ்வகையின.

1974 மே மாதத்தில் நாடு முழுவதும் நடைபெற்ற இரயில்வே வேலைநிறுத்தத்தின்போது இரயில்வே அணிகள் பணிக்கு அழைக்கப்பட்டன. இச்சூழல் அந்த ஊழியர்களை இரு கடமைகளுக்கிடையே நிறுத்தியது. வேலைநிறுத்தம் செய்தவர்கள் அவர்களுடன் பணிபுரிந்தவர்கள், ஆனால் சீருடை அணிந்தபின் அவர்கள் இராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள், மறுப்பது குற்றம். இன்றியமையாச் சேவையைக் காப்பது என்னும் பணி தொழிலாளர் உரிமையுடன் மோதக்கூடியது என்பதை அந்நிகழ்வு காட்டியது.

2025 இல் ஆறு இரயில்வே ரெஜிமென்டுகளில் ஐந்தைக் கலைக்க முடிவு செய்யப்பட்டது. ஜமால்பூரைச் சேர்ந்த ரெஜிமென்டு மட்டும், வடகிழக்கை நாட்டின் பிற பகுதிகளுடன் இணைக்கும் சிலிகுரிப் பகுதி இரயில்பாதைக்காக நிலைநிறுத்தப்பட்டது.

சூழலியல் பட்டாலியன்கள்

அழிந்த காடுகளை மீட்பதற்கென்றே அமைந்த சூழலியல் பட்டாலியன்கள் இப்படையின் தனிச்சிறப்பான பிரிவு ஆகும். முசோரி மலைப்பகுதியில் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்ததால் மலைச்சரிவுகள் மொட்டையாகி, மண் அரித்து, ஊற்றுகள் வற்றின. இதனைச் சீர்செய்ய 1982 டிசம்பரில் தேராதூனில் கார்வால் ரைபிள்சைச் சார்ந்த 127 ஆவது பட்டாலியன் அமைக்கப்பட்டது. அப்போது இந்திரா காந்தி தலைமை அமைச்சராக இருந்தார். 1985 இல் உச்ச நீதிமன்றம் தேராதூன் பகுதிச் சுரங்கங்கள் பலவற்றை மூட உத்தரவிட்டதும் மறுகாடாக்கத்துக்கு வாய்ப்பானது.

இவற்றின் வீரர்களில் பெரும்பாலோர் அதே பகுதியைச் சேர்ந்த முன்னாள் படைவீரர்கள். மரக்கன்று நடுவதற்கு வீரர்கள் எதற்கு என்னும் கேள்வி எழலாம். சாலையற்ற சரிவுகளில் முகாமிட்டுத் தங்குவது, குழி தோண்டிக் கன்றைச் சுமந்து சென்று நடுவது, நட்டபின் ஆண்டுக்கணக்கில் கால்நடையிடமிருந்தும் தீயிடமிருந்தும் காப்பது ஆகியவை கட்டுப்பாடுள்ள குழுவுக்கே இயலும். கன்று நடுவது எளிது. அது மரமாகும்வரை காப்பதே கடினம்.

முதல் முயற்சியைத் தொடர்ந்து இராசத்தானில் இந்திரா காந்தி கால்வாய்ப் பகுதி, குமாவுன் மலைப்பகுதி, தில்லியின் பட்டி சுரங்கப் பகுதி, இமாச்சலப் பிரதேசம், அசாம், மகாராட்டிரத்தின் மராத்வாடா ஆகிய இடங்களிலும் இத்தகைய பட்டாலியன்கள் அமைக்கப்பட்டன. கங்கையாற்றுத் தூய்மைப் பணிக்கெனத் தனிப்படை ஒன்றும் உருவாக்கப்பட்டது. இவற்றின் செலவைப் பாதுகாப்புத் துறைக்கு மாறாக, சுற்றுச்சூழல் அமைச்சகமோ மாநில அரசோ ஏற்பது வழக்கம்.

ஜம்மு காசுமீரின் உள்ளூர்ப் பட்டாலியன்கள்

2000களில் ஜம்மு காசுமீரில் அப்பகுதி மக்களைக் கொண்டே பட்டாலியன்கள் அமைக்கப்பட்டன. தீவிரவாதத்தைக் கைவிட்டு அரசுப் பக்கம் சேர்ந்தவர்களும் இவற்றில் சேர்க்கப்பட்டனர். 2004 இல் 162 ஆவது பட்டாலியனில் சேர்ந்த நசீர் அகமது வானி அவர்களுள் ஒருவர். 2018 நவம்பரில் சோபியான் மாவட்டத்தில் நடந்த மோதலில் உயிரிழந்த இவருக்கு, அமைதிக்கால வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான அசோகச் சக்கரம் 2019 இல் வழங்கப்பட்டது.

இவ்வீரர்கள் பணியாற்றுவதும் வாழ்வதும் ஒரே பகுதியில். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது அவர்களும் குடும்பத்தினரும் தாக்குதலுக்கு இலக்காகும் ஆபத்து உண்டு. நிலத்தையும் மக்களையும் அறிந்திருப்பது இவர்களது வலிமை. அதே நெருக்கம் இவர்களுக்குப் பாதுகாப்பின்மையையும் தருகிறது.

பெண்கள்

சட்டத்தின் 6 ஆம் பிரிவு இப்படையில் சேர எந்த நபரும் முன்வரலாம் என்கிறது. எனினும் ஆட்சேர்ப்பு அறிவிப்புகள் ஆண்களையே அழைத்து வந்தன. இதனை எதிர்த்த வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2018 சனவரி 5 அன்று தீர்ப்பளித்தது. எந்த நபரும் என்னும் சொல்லில் ஆண், பெண் இருபாலரும் அடங்குவர் என்றும், பெண்களை விலக்கும் அறிவிப்பு செல்லாது என்றும் நீதிமன்றம் கூறியது.

மதிப்புறு அதிகாரிகள்

இளைஞர்களை ஈர்ப்பதற்காகப் புகழ்பெற்றவர்களுக்கு இப்படையில் மதிப்புறு பதவி வழங்கப்படுகிறது. துடுப்பாட்ட வீரர் கபில்தேவ் 2008 இலும், நடிகர் மோகன்லால் 2009 இலும் மதிப்புறு லெப்டினன்ட் கர்னல் ஆயினர். 2011 இல் துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்திராவும் துடுப்பாட்ட வீரர் மகேந்திர சிங் தோனியும் இப்பதவி பெற்றனர். தோனி 2015 இல் ஆக்ராவில் வான்குடைப் பயிற்சி பெற்று, 2019 இல் காசுமீரில் இரு வாரங்கள் தன் பட்டாலியனுடன் தங்கிப் பணியாற்றினார். ஈட்டி எறிதல் வீரர் நீரஜ் சோப்ராவுக்கு 2025 இல் இப்பதவி வழங்கப்பட்டது.

இவ்வாறன்றித் தேர்வெழுதி முறையாக அதிகாரியான அரசியல்வாதிகளும் உள்ளனர். சச்சின் பைலட் 2012 இலும், அனுராக் தாக்கூர் 2016 இலும் இவ்வாறு சேர்ந்தனர்.

சிக்கல்களும் விமர்சனங்களும்

பிரதேச இராணுவம் ஒரு பரிமாற்றத்தின் மீது நிற்கிறது. குடிமகன் தன் வாழ்நாளில் சில நாள்களை நாட்டுக்குத் தருகிறார். நாடு அவரது வேலையையும் வாழ்வையும் அவருக்குத் திருப்பித் தர வேண்டும். இப்படை குறித்த விமர்சனங்களில் பல, இப்பரிமாற்றம் சமமாக நடைபெறுகிறதா என்பதைப் பற்றியவை.

பகுதிநேரம் என்னும் பெயர்: 1990களுக்குப் பின் கிளர்ச்சி எதிர்ப்புப் பணிக்காகப் பல காலாட்படை பட்டாலியன்கள் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து திரட்டப்பட்ட நிலையில் உள்ளன. ஆண்டுக்கு இரண்டு மாதம் என்று எண்ணிச் சேர்ந்தவர் நடைமுறையில் முழுநேர வீரராகிறார். இவ்வளவு நீண்ட காலம் வேலையை விட்டு நீங்கியிருப்பவருக்கு, குறிப்பாகச் சிறு நிறுவன ஊழியருக்கும் சொந்தத் தொழில் செய்பவருக்கும், திரும்புவதற்கு இடம் இருப்பது அரிது.

வேறு வருவாய் விதி: படையில் சேர வேறு வருவாய் தேவை என்பது விதி. ஆனால் வேலையற்ற இளைஞர்கள் வீரர் தேர்வு முகாம்களுக்குப் பெருந்திரளாக வருகின்றனர். அவர்களுக்கு அணி திரட்டப்பட்டிருக்கும் காலமே வருவாய்க் காலம். விடுவிப்பு என்பது சட்டத்தின் பார்வையில் வீடு திரும்புதல். அவர்களின் பார்வையில் வேலை இழப்பு.

ஓய்வூதியம்: ஓய்வூதியம் பெற அதிகாரிக்கு 20 ஆண்டுகளும் வீரருக்கு 15 ஆண்டுகளும் தகுதிப்பணி தேவை. திரட்டப்பட்ட நாள்கள் மட்டுமே இதில் கணக்கிடப்படும். எனவே பல ஆண்டுகள் படைப்பட்டியலில் இருந்தும் ஓய்வூதியம் கிட்டாதவர்கள் உண்டு.

வேலை கொடுப்போர்: பணியில் மீண்டும் அமர்த்தும் விதி இருந்தபோதிலும், ஊழியரை நீண்ட விடுப்பில் அனுப்பத் தனியார் நிறுவனங்கள் தயங்குவது இயல்பு. அரசு, பொதுத்துறை ஊழியருக்கு விடுப்புப் பெறுவது ஒப்பீட்டளவில் எளிது.

மறுபுறம், முழுநேரப் படைக்கு ஆகும் செலவுடன் ஒப்பிடும்போது, தேவையானபோது மட்டும் ஊதியம் பெறும் படை நாட்டுக்குச் சிக்கனமானது என்றும், குடிமக்களுக்கும் இராணுவத்துக்கும் இடையிலான இடைவெளியை இது குறைக்கிறது என்றும் இதன் ஆதரவாளர்கள் கூறுகின்றனர்.

அண்மைக்கால நிகழ்வுகள்

பகல்காம் தாக்குதலுக்குப் பின் இந்தியாவுக்கும் பாக்கித்தானுக்கும் இடையே மோதல் மூண்ட 2025 மே மாதத்தில், மத்திய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பிரதேச இராணுவத்தின் எந்த அதிகாரியையும் வீரரையும் காவற்பணிக்கோ முழுநேரப் படைக்கு வலுச்சேர்க்கவோ அழைக்கத் தரைப்படைத் தலைமைத் தளபதிக்கு அது அதிகாரம் அளித்தது. 1948 ஆம் ஆண்டின் விதிகளில் 33 ஆவது விதி இதற்கு அடிப்படை. 32 காலாட்படை பட்டாலியன்களில் 14 ஐத் திரட்டவும் அவ்வாணை வகைசெய்தது. 2025 பிப்ரவரி 10 முதல் 2028 பிப்ரவரி 9 வரை மூன்றாண்டுகளுக்கு அது செல்லுபடியாகும்.

சீன மொழி அறிந்தோர் போன்ற வல்லுநர்களை இப்படையில் சேர்க்கும் முயற்சியும் 2020களில் மேற்கொள்ளப்பட்டது. முழுநேரப் படையில் சேர விரும்பாத வல்லுநரும் ஆண்டில் சில வாரங்கள் தம் திறனை நாட்டுக்கு வழங்க இது வழிசெய்கிறது.

இவற்றையும் பார்க்க

இந்தியத் தரைப்படை
மதராசு ரெஜிமென்ட்
தேசிய மாணவர் படை
எல்லைப் பாதுகாப்புப் படை
இந்திய அமைதி காக்கும் படை